கோர்ட்டில் உன்னைக் கூப்பிட்டார்கள், நாகம்மாக்கா

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவாகிப்போன நாகம்மாக்காவுக்கு,

நேற்று உன்னைக் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். டவாலி வராந்தாவுக்கு வந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "சாட்சி நாகம்மா, நாகம்மா, நாகம்மா" என்று மூன்று தரம் கத்தினார். நீ உயிரோடு வந்து அதே வராந்தாவில் காத்துக் கிடந்தபோது ஒரு தடவையாவது இப்படி வாய் நிறையக் கூப்பிட்டார்களா? "இன்னைக்கு இல்லம்மா, வாய்தா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தானே போவார்கள். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாங்காய் சீசனே வந்து முடிந்துவிட்டது. இப்போது கூப்பிடுகிறார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது அக்கா. அடுத்த நிமிடம் பற்றிக்கொண்டு வந்தது. இதை யாரிடம் போய்க் கொட்டுவது? அம்மாவிடம் சொன்னால் "விட்டுத் தொலைடி" என்பாள். அரசு வக்கீலிடம் சொன்னால் "இதெல்லாம் சகஜம்மா" என்பார். அதனால் உனக்கே எழுதுகிறேன், ஊரறியவே எழுதுகிறேன். "நாம என்ன திருடிட்டா வந்தோம், மூடி மூடிப் பேசறதுக்கு?" என்று ஸ்டேஷன் வாசலில் நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாதில்லையா, அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். போச்சம்பள்ளிப் பக்கம் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பாகங்கள் செய்கிற கம்பெனி. நான் லைனில் உட்கார்ந்து பாகம் பொருத்துகிறவள், நீ சலவைப் பகுதியில். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். லைனில் உட்காருகிறவர்கள் எல்லோரும் நீலக் கோட்டு போட வேண்டும், தூசி பட்டால் பாகம் கெட்டுவிடும் என்று. அந்தக் கோட்டு கேட்டைத் தாண்டக் கூடாது. ஷிப்ட் முடிந்ததும் கழற்றிச் சலவைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் பஞ்ச் அடிக்க முடியும். கூடைக்கு அந்தப் பக்கம் நீயும் ரத்தினம்மாவும் நிற்பீர்கள். எண் பார்த்துப் பிரித்து, மிஷினில் போட்டு, காயவைத்து மடித்து வைப்பீர்கள்.

அன்றைக்குப் பகலில் ஸ்டோர் ரூமுக்குச் சாமான் எடுக்கப் போனேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அது ஒரு தீர்ப்பில் எழுதப்பட வேண்டிய பெயர். வாயைப் பொத்தினான். கோட்டைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் எல்லாம் தெறித்துக் கழுத்துப் பக்கம் கிழிந்தது. கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்தான். அட்டைப் பெட்டி அடுக்கை அவன் மேல் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். இவ்வளவுதான் சொல்வேன். இதற்கு மேல் உள்ளதை யார் யாரிடமோ சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புண்ணாகிவிட்டது.

வெளியே வந்து நான் கத்தவில்லை. கிழிந்த கோட்டை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மீதி ஷிப்ட்டை முடித்தேன். பெல் அடித்ததும் எல்லோரையும் போல வரிசையில் நின்றேன். கோட்டைக் கழற்றிக் கூடையில் போட்டேன், பஞ்ச் அடித்தேன், பஸ் ஏறினேன். கை தானாகச் செய்தது அக்கா. கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். கோட்டோடு போனால் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவான், விசாரிப்பான், அதற்குள் பஸ் போய்விடும். எனக்கு அந்த நேரத்தில் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

மறுநாள் டீ டயத்தில் நீ என்னைத் தேடிக்கொண்டு வந்தாய். அதுவரைக்கும் உனக்கும் எனக்கும் சிரிப்புப் பழக்கம் மட்டும்தான்.

"சவுந்தரி, கோட்டு எப்பிடிம்மா கிழிஞ்சுது?"

"மிஷின்ல மாட்டிக்கிச்சுக்கா."

"எந்த மிஷினுக்கும்மா கை இருக்குது?"

நான் அங்கேயே சுவரோரமாகக் குந்திவிட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாய். நான் குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாய்: "கோட்ட நான் வெளுக்கல. கவர்ல சுத்தி வெச்சிருக்கறன். நீ சொல்ற வரைக்கும் அது அங்கயே இருக்கும். சொல்லமாட்டன்னாலும் இருக்கும்."

நீ அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை. கம்பெனியில் புகார்க் கமிட்டி என்று ஒன்று இருப்பதே உனக்கும் எனக்கும் அப்போதுதான் தெரியும். ஏசி ரூமில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர் குடும்பஸ்தர், நல்ல பர்ஃபார்மர், உங்களுக்கு ஏதாவது தவறாகப் பட்டிருக்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அதற்கடுத்து கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று என்னை நிறுத்தினார்கள். அவன் அதே லைனில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். தப்புச் செய்தவன் இடத்தில் நிற்பான், புகார் சொன்னவள் இடம் மாற வேண்டும், இது எந்த ஊர் நியாயம் என்று நீ ஏசி ரூம் கதவைத் திறந்துகொண்டு போய்க் கேட்டாய். உன் கான்ட்ராக்டும் போயிருக்க வேண்டியது. சலவைக்கு ஆள் கிடைக்காததால் தப்பித்தாய்.

ஸ்டேஷனுக்கும் நீதான் கூட்டிக்கொண்டு போனாய். மத்தியானம் வரை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அப்புறம் ஒரு எஸ்.ஐ. வந்து, என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, "கல்யாணம் ஆகாத பொண்ணு. பேரு கெட்டுப்போகும். நல்லா யோசிச்சுக்குங்க" என்றார்.

"வர்ற வழியெல்லாம் பஸ்ல அதத்தான் சார் பண்ணிக்கினு வந்தோம்" என்றாய் நீ. "யோசிச்சு முடிச்சாச்சு. நீங்க எழுதிக்குங்க."

அவர் எழுதினார். டிபன் பைக்குள் மடித்து நீ கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்திருந்த கோட்டை வாங்கிப் பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். நீ அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெரிய வேலை முடிந்ததுபோல் எனக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். எனக்கும் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. எவ்வளவு பெரிய மடச்சிகள் நாம்.

கேஸ் கோர்ட்டுக்கு வருவதற்குள் அவன் கம்பெனியை விட்டு, ஓசூருக்கு அந்தாண்ட, கர்நாடகா பார்டர் தாண்டி ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஜாமீன் கையில் இருக்கிறது, அவனுக்கென்ன. சம்மன் போகும், ஆள் அந்த விலாசத்தில் இல்லை என்று திரும்பி வரும். கேட்டால், "வேற ஸ்டேட்டும்மா, நாங்க நெனச்சா போய்ட முடியாது" என்பார்கள். என்ன வேற ஸ்டேட் அக்கா? காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் அவன் கழுத்தில் ஐடி கார்டு தொங்க, தோளில் பை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் சித்தப்பா பையனே பார்த்துவிட்டு வந்து சொன்னான். நாம் காய்கறி விற்கப் போகிற தூரம் அது. சட்டம் மட்டும் செக்போஸ்ட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறது.

ஒருவழியாக விசாரணை ஆரம்பித்தது. அவன் வரமாட்டான், அவன் வக்கீல் ஒரு மனுவை நீட்டுவார், உடம்பு சரியில்லை, டூட்டி, வீட்டில் விசேஷம். அதை வாங்கிக்கொள்வார்கள். நீயும் நானும் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று விடிந்ததும் கிளம்பி வந்து நிற்போம். ஜட்ஜ் மாறிவிட்டார் என்பார்கள். வக்கீல்கள் இன்று உள்ளே வரமாட்டார்கள் என்பார்கள். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு இன்னொரு கோர்ட்டில் வேலை என்பார்கள். ஒன்றுமே சொல்லாமலும் அனுப்புவார்கள்.

கோர்ட்டுக்கு என்றே ஒரு காபிப்பொடி நிறப் புடவை வைத்திருந்தாயே. நல்லா இருந்தால் திமிர் என்பார்கள், பழசாக இருந்தால் பொய்ச் சாட்சிக்கு வந்தவள் என்பார்கள், இது நடுவாந்திரமாக இருக்கிறது என்று நீயே தேர்ந்தெடுத்தது. நாகரசம்பட்டியிலிருந்து நீ பஸ் பிடித்து வருவாய், குருபரப்பள்ளியிலிருந்து நான் வருவேன். வராந்தாவில் உட்கார்ந்து உன் டிபன் பாக்ஸ் புளிசாதத்தைத் தின்போம். நீ என்னை வக்கீலாக வைத்துக்கொண்டு சாட்சி சொல்லிப் பார்ப்பாய். காலையில் எழுந்து என்ன சமைத்தாய் என்பதிலிருந்து ஆரம்பிப்பாய். "அக்கா, கோட்டுக்கு வா" என்பேன். "இருடி, வர்றன். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா பொய் சொல்றன்னு சொல்லிடுவானுங்க" என்பாய். கடைசியில் ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "ஆட்டி வெச்ச மாவு மாதிரி புளிச்சுப்போச்சுடி என் சாட்சி. எப்ப ஊத்தறதுன்னே தெரியல" என்றாய். நான் அன்றைக்குச் சிரித்தேன்.

என்னை மட்டும் ஒரு நாள் கூண்டில் ஏற்றினார்கள். நடந்ததைச் சொன்னேன். வேறொரு வாய்தாவில் குறுக்கு விசாரணை. அவன் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. ரொம்பப் பக்குவமாக, பாடம் எடுக்கிறவர் மாதிரி கேட்டார்.

"உங்கள் கோட்டைச் சலவைக் கூடையில் போட்டது நீங்கள்தானே?"

"ஆமாங்க."

"கூடையில் போட்டால் துவைத்துவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்?"

"தெரியுங்க. ஆனா அது கம்பெனி ரூல்ங்க, கோட்ட…"

"ஆமாம், இல்லை, அது போதும். இப்படி ஒரு கொடுமை நடந்ததாகச் சொல்கிறீர்கள். அதற்கு இருந்த ஒரே தடயத்தை நீங்களே துவைக்கப் போட்டீர்கள். ஏன்?"

நான் நின்றேன் அக்கா. வாய் வரவில்லை. பஸ் போய்விடும் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோர்ட் நேரம் முடிந்துவிட்டது என்று அத்தோடு நிறுத்தினார்கள். அந்தக் கேள்வி அப்படியே பாதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வராந்தாவில் நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு. கூடையில போட்டதுக்கு நான் பதில் சொல்றன். என்ன ஏத்தட்டும்" என்றாய்.

உன்னை ஏற்றவில்லை. ஏற்றாமலே போய்விட்டாய். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், மாமா வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மறு வாரம் நமக்கு வாய்தா இருந்தது. நான் உன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அந்தக் காபிப்பொடிப் புடவை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்காகத் துவைத்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது அதைப் பார்த்துத்தான், உன்னைப் பார்த்து இல்லை.

நீ இல்லாததையும் கோர்ட் நம்பவில்லை, அதையும் கேட்டுக்கொள். உன் சம்மனை ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கேட்டில் புதிதாக வந்த செக்யூரிட்டி, கான்ட்ராக்ட் ஆட்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டான். வாங்கிக்கொண்டும் வரவில்லை என்று உனக்குப் பிடிவாரண்டு. நாகரசம்பட்டிக்கு ஒரு ஏட்டு வந்து, "நாகம்மா எங்கய்யா?" என்று அதட்டியிருக்கிறார். மாமா நகர்ந்து நின்று, மாலை போட்ட உன் போட்டோவைக் காட்டினாராம். அந்த ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். அவனுக்கு, பார்டர் தாண்டி நல்லபடியாகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, இன்றைய தேதிவரை ஒரு வாரண்டு இல்லை.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு வரன். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான், டிராக்டர் ஷோரூமில் வேலை. அவன் வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று: "கேஸ் முடிஞ்சுதா?" கேஸ் ஜெயித்ததா என்று கேட்கவில்லை அக்கா, முடிந்ததா என்று கேட்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராகி மாவைக் கிளறிக்கொண்டே, "அவங்க ஆளுங்க சமாதானத்துக்கு வராங்க. நாகம்மாளும் போய்ட்டா. இனிமே யாரு இருக்கறா உனக்கு? ஒரு கையெழுத்து, போட்டுட்டு வாழற வழியப் பாரு" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவள். அவள் சொன்னதில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. நீ இல்லாமல் அந்தக் கோட்டு வெறும் கிழிந்த துணி. கூடையிலிருந்து அதை எடுத்தவள் நீ, எடுத்ததைச் சொல்ல வேண்டியவள் நீ. ஸ்டேஷனில் நீ சொல்லி அவர்கள் எழுதியது சாட்சி ஆகாதாம். கூண்டில் ஏறிச் சொன்னால்தான் சாட்சியாம். ஏறுகிறேன் ஏறுகிறேன் என்று வந்து நின்றவளைத் திருப்பித் திருப்பி அனுப்பினது யார் என்று யாரிடம் கேட்பது?

உண்மையைச் சொன்னால், நேற்று கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன்.

அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். துணைக்கு ரத்தினம்மாவைக் கூப்பிட்டேன். உன் காரியத்துக்கு வந்து அழுதவள், அன்றைக்குத்தான் என்னிடம் அதைச் சொன்னாள். கூடையிலிருந்து என் கோட்டை முதலில் எடுத்தது அவளாம். மிஷினில் போடக் கை தூக்கினவளை நீ தடுத்துப் பிடுங்கினாயாம். போலீஸ் கம்பெனிக்கு வந்த அன்றைக்கு அவள் லீவு போட்டுவிட்டாள். "என் வூட்டுக்காரு கம்பெனிக்கு வேன் ஓட்டறாரு. நாக்கெந்துக்கம்மா, எனக்கெதுக்கு இந்தக் கோர்ட்டு வம்பு" என்று அவள் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேன் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது, அது எனக்குத் தெரியாதா? அதனால் நேற்று, "வந்து சும்மா பக்கத்துல ஒக்காருக்கா, நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றுதான் கூட்டிப்போனேன்.

மாமாவும் வந்திருந்தார், சட்டைப் பையில் உன் இறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு. அதிசயமாக அவனும் வந்திருந்தான். கம்பெனி சட்டையோடு, ஐடி கார்டைப் பையில் செருகிக்கொண்டு, மணியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வக்கீல் என்னிடம் வந்து, "பேப்பர் ரெடியா இருக்குதும்மா. மத்தியானம் உள்ள சொல்லிடலாம்" என்றார், அதே பக்குவமான குரலில். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை.

அப்போதுதான் டவாலி உன்னைக் கூப்பிட்டார்.

நாகம்மா, நாகம்மா, நாகம்மா. மாமா வாயில் துண்டை வைத்துக்கொண்டார். புது ஜட்ஜம்மா நிமிர்ந்து, "வரவில்லையா? வாரண்டு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் எழுந்து, "அவங்க செத்துட்டாங்கம்மா" என்றேன். மாமா கவரை நீட்டினார். கிளார்க் அதை வாங்கவில்லை. "இது ஸ்டேஷன் மூலமா ரிப்போர்ட்டோட வரணும்" என்றார். மாமா நீட்டின கையோடு நின்றுகொண்டிருந்தார்.

அவன் வக்கீல் எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல இருந்த ஒரே சாட்சி உயிரோடு இல்லை. அது சலவைக் கூடையிலிருந்து எடுக்கப்பட்டதைப் பார்த்தவர் இன்று யாருமே இல்லை" என்றார்.

"நான் பாத்தன் சாமி."

திரும்பிப் பார்த்தேன். ரத்தினம்மா கடைசி பெஞ்சில் எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். "என் கையிலிருந்துதான் அத நாகம்மா புடுங்குனா. நான் மிஷின்ல போடப் போனன். போடாதடி, இது வேற சங்கதின்னு புடுங்குனா."

டவாலி ஓடி வந்து, "ஏம்மா, ஒக்காரு, ஒக்காரு" என்றார். ஜட்ஜம்மா, "இப்படி நடுவில் பேசக் கூடாதம்மா, சாட்சி சொல்ல முறை இருக்கிறது" என்று கண்டித்தார். ஆனால் கண்டித்துவிட்டு அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "இவர் யார்? இவரை ஏன் இதுவரை விசாரிக்கவில்லை?" என்று கேட்டார். அரசு வக்கீல் கர்ச்சீப் எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுப் போடுங்கள், பார்க்கலாம் என்று சொல்லி மறுபடியும் வாய்தா. அவ்வளவுதான் நடந்தது. உடனே எல்லாம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. மனுவை அவர்கள் எதிர்ப்பார்களாம். எதிர்த்தால் அதற்கு ஒரு வாய்தா, அதன் மேல் ஒரு வாய்தா. வராந்தாவும் அங்கேதான் இருக்கிறது, நாமும் அங்கேதான் இருப்போம்.

வெளியே வந்ததும் அவன் வக்கீல் அந்தப் பேப்பரோடு என்னைத் தேடினார். "இன்னைக்கு வேணாங்க" என்றேன். "அப்போ என்னைக்கும்மா?" என்றார். "என்னைக்குமே வேணாங்க" என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அவர் பக்குவம் கொஞ்சம் ஆடியது. பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

ரத்தினம்மாவிடம், "ஏன்க்கா எந்திரிச்ச, வேனு போயிடுமே" என்று கேட்டேன். அவள் முறுக்கியிருந்த முந்தானையை நீவிவிட்டாள். பிறகு, "செத்தவளக் கூப்புடறானுங்க. உசுரோட இருக்கறவ நான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கறன். எனக்கே அசிங்கமாப் போச்சும்மா" என்றாள். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வாளோ, அவர் என்ன சொல்வாரோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கம்பெனியில் இதற்குள் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஓசூர் பஸ்ஸில் சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு அவள் சாட்சி சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் காலையில் என்ன சமைத்தாள் என்பதிலிருந்து. அவரைக்காய்க் குழம்பாம், உப்பு தூக்கலாகப் போய்விட்டதாம். "அக்கா, கோட்டுக்கு வா" என்றேன். "இரும்மா, வர்றன்" என்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குருபரப்பள்ளியில் நான் இறங்குகிறபோதும் அவள் கூடை வரைக்கும் வந்து சேரவில்லை. சூளகிரி போகிறவரைக்கும் தனியாகச் சொல்லிக்கொண்டே போயிருப்பாள்.

காவேரிப்பட்டணத்துக்கு இன்று காலையில் நானே போன் பண்ணிவிட்டேன். கேஸ் முடியவில்லை, முடிகிறவரைக்கும் நான் விடப்போவதில்லை, காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள் என்றேன். அந்தப் பையன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசிக்கட்டும். அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்குக் களி போட்டு வைத்தாள்.

உன் இறப்பு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததும் உன் பெயரை எடுத்துவிடுவார்களாம், அரசு வக்கீல் சொன்னார். அடுத்த வாய்தாவில் டவாலி உன்னைக் கூப்பிடமாட்டார். கூப்பிடாவிட்டால் போகட்டும். உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. ரத்தினம்மாவை எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் அத்தனை தடவையும் நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்க் கூட உட்காருவேன். மாமா கொடுத்த உன் காபிப்பொடிப் புடவையை அன்றைக்குக் கட்டிக்கொள்வேன். என்னைத் திரும்பக் கூண்டில் ஏற்றுவார்கள். அந்த வக்கீல் பாதியில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். துவைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் கோட்டை ஏன் கூடையில் போட்டாய் என்று கேட்பார்.

அன்றைக்குக் கை ஏன் தானாகப் போனது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இந்தத் தடவை வாயடைத்து நிற்கமாட்டேன். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல் என்று அதட்டினாலும், அது பதிலே இல்லை என்று அடித்துவிட்டாலும், ஒரே ஒரு தடவை ஜட்ஜம்மா காதில் விழுகிற மாதிரி சொல்லிவிடுவேன். கூடைக்கு அந்தப் பக்கம் எங்க நாகம்மாக்கா இருந்தாங்க, அதனாலதான் போட்டேன் என்று.

இப்படிக்கு,
உனக்குப் பிறகும் உன் தங்கச்சியாகவே இருக்கிற
சவுந்தரி